நீர் காணாத கிணறு: துருவ மண்ணை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு

கிழக்குச் சைபீரியாவில், லேனா நதியின் இடது கரையில், யாக்குட்ஸ்க் என்னும் நகரம் இருக்கிறது. 1632இல் கொசாக்கு வீரர்கள் அமைத்த கோட்டையொன்றிலிருந்து வளர்ந்த ஊர் அது. ஜனவரி மாதத்தில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஆறு உறைந்துவிட்டால் குடிநீருக்கு வழி ஒன்றுதான். பனிக்கட்டிப் பாளங்களை ஆற்றிலிருந்து வெட்டியெடுத்து, வீட்டு வாசலில் அடுக்கி வைத்து, தேவையான போது உருக்கிக் குடிக்க வேண்டும். சாகா மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது அதைத்தான்.

ரஷ்ய - அமெரிக்கக் கம்பனியின் அலுவலராக அந்நகரில் இருந்த ஃபியோதர் ஷெர்கின் என்பவருக்கு இது போதுமானதாகத் தோன்றவில்லை. 1828இல் அவர் தமது வளவில் கிணறு ஒன்றை வெட்டத் தொடங்கினார். மேலே கோடையில் இளகும் மெல்லிய மண்படை. அதற்குக் கீழே இரும்பு போல் இறுகிய நிலம். சில மீற்றர் ஆழம் போனால் உறைந்த மண் முடிந்து ஈர மண் வரும், அதன்பின் ஊற்று வரும் என்பதே எவரும் எதிர்பார்க்கக் கூடியது. வரவில்லை. கிணற்றைக் கைவிட எண்ணிய ஷெர்கினை, அவ்வழியாகப் பயணம் செய்த கடற்படை அதிகாரியும் துருவப் பயணியுமான பரன் வ்ராங்கெல், அறிவியலின் பொருட்டேனும் தொடர்ந்து வெட்டுமாறு தூண்டினார். ஒன்பது ஆண்டுகள் வேலை நடந்தது. ஆற்று வண்டலும் மணலும் கடந்து பாறைப் படைகளுக்குள் கிணறு இறங்கிற்று. 1837இல் வேலை நிறுத்தப்பட்ட போது ஆழம் 116 மீற்றர். அந்த ஆழத்திலும் நிலம் உறைந்தே இருந்தது. ஒரு வாளி தண்ணீர் கூடக் கிடைக்கவில்லை.

நீருக்காக வெட்டப்பட்ட கிணறுகளிலே அறிவியலுக்கு இந்தளவு பயன்பட்ட வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

துருவ நிலம் ஆழத்திலும் உறைந்திருக்கிறது என்ற செய்தி அதற்கு முன்னரும் ஐரோப்பாவுக்கு எட்டாமல் இல்லை. 1578இல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் தலைமையில் கனடாவின் பஃபின் தீவுப் பகுதிக்குப் பொன் தேடிச் சென்ற ஆங்கிலேயர், பல அடி ஆழத்துக்கு நிலம் உறைந்திருந்தமையைக் குறித்து வைத்தனர். (பொன் என்று எண்ணி அவர்கள் கப்பலேற்றி வந்த ஆயிரம் ரொன்னுக்கும் மேற்பட்ட கருங்கல் ஒரு சதத்துக்கும் உதவவில்லை என்பது தனிக்கதை.) யாக்குட்ஸ்க்கிலேயே 1680களில் கொசாக்குகள் கிணறு வெட்ட முயன்று, ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்திலும் உறைமண்ணைக் கண்டு கைவிட்டிருந்தனர். அடுத்த நூற்றாண்டில் அந்நகருக்கு வந்த ஜேர்மன் இயற்கை ஆய்வாளர் யொஹான் கியோர்க் கிமெலின் இச்செய்தியை ஐரோப்பிய அறிஞருக்கு அறிவித்தார். அவர்கள் நம்பவில்லை. மரமும் செடியும் வளரும் நிலத்தின் அடியில் எக்காலத்தும் உருகாத பனிக்கட்டி எவ்வாறு இருக்க முடியும் என்பது அவர்களது வாதம். அக்காலத்தின் பெயர்பெற்ற புவியியலாளர்களுள் ஒருவரான லியோபோல்ட் ஃபொன் பூக் கூட அச்செய்திகளை நம்பத்தகாதவை என ஒதுக்கினார். உறைமண்ணிலே நிலவறை தோண்டி இறைச்சியையும் மீனையும் கோடையில் கெடாமல் காத்து வந்த சாகா குடும்பங்களிடம் எவரும் இதுபற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. படித்தவர் மறுத்த உண்மையைப் பாமரர் சமையலுக்குப் பயன்படுத்திக் கொண்டிருந்தனர்.

ஷெர்கினின் கிணறு இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. 1829இல், கிணறு ஏறத்தாழ 15 மீற்றர் ஆழத்தில் இருந்த போது, ஜேர்மன் இயற்பியலாளர் அடோல்ஃப் ஏர்மன் அதில் வெப்பநிலையை அளந்தார். இன்னும் பல நூறு அடி வெட்டினாலன்றி உறைமண் முடியாது என்பது அவர் கணக்கு. சென் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஏர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் 1838இல் இலண்டன் அரச புவியியற் சங்கத்தின் சஞ்சிகையில் இக்கிணறு பற்றி எழுதினார். பின்னர் அவரது தூண்டுதலால் அலெக்சாண்டர் ஃபொன் மிடென்டோர்ஃப் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1844இல் மிடென்டோர்ஃப் கிணற்றுக்குள் இறங்கி, பக்கச் சுவர்களில் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் வெப்பமானிகளைப் பதித்தார். மேற்புறத்தில் உறைநிலைக்குக் கீழே 10 பாகையளவில் இருந்த வெப்பநிலை, அடித்தளத்தில் உறைநிலைக்குக் கீழே 3 பாகையாக உயர்ந்திருந்தது. அந்த ஏற்றத்தின் வீதத்தைக் கொண்டு, அவ்விடத்தில் உறைமண் ஏறத்தாழ 200 மீற்றர் ஆழம் வரை செல்லும் என அவர் கணித்தார். பிற்கால அளவீடுகள் அவர் பெரிதும் பிழைவிடவில்லை என்று காட்டின. சைபீரியாவின் வேறு சில இடங்களில் அது 1,500 மீற்றர் வரை செல்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டிலே தெரியவந்தது.

இங்கு ஒரு சோகமான துணைச்செய்தியையும் சொல்ல வேண்டும். மிடென்டோர்ஃபின் பயணத்துக்கு வழிகாட்டியாக, உறைநிலம் பற்றி அதுவரை அறியப்பட்ட அனைத்தையும் திரட்டிப் பேயர் ஒரு நூலை எழுதியிருந்தார். 1843இல் அச்சுக்கோக்கும் நிலை வரை வந்த அந்நூல் வெளியாகவில்லை. அதன் படி ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்து, 2001இலேதான் பதிப்பிக்கப்பட்டது. உறைநிலம் பற்றிய முதற் பாடநூல் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் வாசகரின்றி உறங்கிற்று.

குளிரை அளந்தாயிற்று. ஆனால் அந்த மண் எதனால் ஆனது என்பது வேறு கேள்வி. சொல்லப்போனால் அதுவே பெரிய கேள்வி.

எந்த மண்ணையும் அதன் துணிக்கைகளின் பருமனைக் கொண்டு மணல், அடையல், களி எனப் பிரிப்பர். மூன்றும் கலந்திருக்கும் விகிதமே மண்ணின் இழையமைப்பு. வெப்ப நாடுகளிலே நீரும் வெம்மையும் பாறையை இரசாயன முறையில் சிதைப்பதால் களி மிகுகின்றது. துருவத்திலே அந்த வேலை மிக மந்தமாக நடக்கிறது. அங்கு பாறையை உடைப்பது உறைதலும் உருகுதலுமே. ஆகவே கல்லும் பருக்கையும் மணலும் அடையலும் மிகுதி; களி குறைவு. விழுந்த இலையும் பாசியும் உக்குவதற்கு வெம்மை இல்லாததால் அவை அரைகுறையாகவே உக்கி, கறுத்த படையாக மேலே கிடக்கும். உறைதலின் அமுக்கத்தால் அந்தக் கறுப்புப் படை மடிந்து கீழேயும், அடிமண் மேலேயும் புரள்வதால், வேறு நாட்டு மண்ணிலே காணும் ஒழுங்கான கிடைப்படைகளை இங்கு எதிர்பார்க்க முடியாது. பிசைந்து பாதியில் விட்ட மாவைப் போலிருக்கும் அதன் வெட்டுமுகம்.

ஆயினும் இந்த மண்ணின் முதன்மையான கூறு மணலும் அல்ல, அடையலும் அல்ல. பனிக்கட்டிதான்.

மண்ணுக்குள் பனிக்கட்டி எவ்வாறு சேர்கிறது? நீர் உறையும் போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். அதனால் நிலம் சற்று உயர்கிறது என்றே நீண்டகாலம் நம்பப்பட்டது. தென் கரோலினாப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஸ்ரீவன் டேபர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. அவர் செய்த பரிசோதனையின் எளிமை வியப்புக்குரியது. நீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணிலே ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறையும் போது பருப்பதில்லை, சுருங்கும். அப்படியிருந்தும் மண் மேலெழுந்தது! எனவே காரணம் பருத்தல் அன்று. உறையும் முகப்பை நோக்கி அடியிலிருந்து திரவம் தொடர்ந்து உறிஞ்சப்பட்டு, அங்கே தட்டையான வில்லைகளாக உறைந்து, மேல்மண்ணைத் தூக்குகிறது. இந்த உறிஞ்சல் மண்ணின் இழையமைப்பில் தங்கியுள்ளது. மணலின் இடைவெளிகள் பெரியவை. அவற்றால் நீரை இழுக்க இயலாது. களியின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. நீர் ஊர்ந்து வருவதற்குள் காலம் போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அடையல் மண்ணே பனிக்கட்டியைச் சேர்ப்பதில் முதலிடம் பெறுகிறது. துருவத்தில் மிகுந்து கிடப்பதும் அதுவே.

வில்லைகள் மட்டுமல்ல, ஆப்புகளும் உண்டு. கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கும். வசந்தத்தில் உருகிய நீர் அவ்வெடிப்பில் இறங்கி உறையும். மறு ஆண்டு அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும். ஆண்டுக்கு ஒரு மெல்லிய தகடாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல மீற்றர் அகலமான பனிக்கட்டி ஆப்பு உருவாகிவிடும். அலாஸ்காவின் வடகரையில் 1906 முதல் 1914 வரை ஆய்வு செய்த ஏர்னஸ்ட் லெஃபிங்வெல் இதனை விளக்கினார். அவரது முழு அறிக்கை 1919இல் வெளிவந்தது. ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஆட்டிக் சமவெளி பல்கோண ஓடுகள் பதித்த தளம் போலத் தெரிவதற்கு இந்த ஆப்புகளே காரணம். யாக்குட்டியாவின் சில பகுதிகளில், பனியூழிக் காலத்தில் காற்றினால் வந்து படிந்த நுண்மண்ணில், கன அளவிற் பாதிக்கு மேல், சில இடங்களில் 80, 90 சதவீதம் வரை, பனிக்கட்டியே. அதை மண் என்பதா, மண் கலந்த பனிக்கட்டி என்பதா? லாப்டெவ் கடலில் 1823இல் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமென அளக்கப்பட்ட செம்யோனொவ்ஸ்கி தீவு இத்தகைய நிலத்தால் ஆனது. 1950களில் அந்தத் தீவு இல்லை. அலை அரித்தது பாதி, உருகியது பாதி.

பனிக்கட்டி இல்லாவிட்டால் துருவ மண் எப்படியிருக்கும்? அதைப் பார்க்கத் தென்துருவக் கண்டத்துக்குப் போக வேண்டும்.

1903 டிசெம்பரில், அந்தாட்டிக்காவின் உட்பகுதியிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த றொபேர்ட் ஸ்கொட், எட்கர் எவன்ஸ், வில்லியம் லாஷ்லி ஆகிய மூவரும் பனியாற்றின் ஓரமாக இறங்கி, பனியே இல்லாத பள்ளத்தாக்கொன்றைக் கண்டனர். மணலும் கூழாங்கல்லும் மட்டும். பாசியைக் கூட அவர்கள் காணவில்லை. இன்று மக்மேர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என வழங்கும் அப்பிரதேசத்தில் மழை பெய்வதில்லை. விழும் சிறிதளவு பனியும் உருகாமலே ஆவியாகிவிடுகிறது. ஆகவே மண்ணிலே கழுவப்படாத உப்புகள் சேர்ந்துவிட்டன. சல்பேற்றுகள், நைத்திரேற்றுகள், கல்சியம் குளோரைட்டு எனப் பாலைவன உப்புகள் அனைத்தும் அங்குண்டு. 1961இல் கண்டறியப்பட்ட டொன் ஜுவான் குளம், அந்தாட்டிக்கக் குளிர்காலத்திலும் உறையாத அளவுக்கு உப்பு மிக்கது. உறைநிலைக்குக் கீழே பல பாகைகள் இருந்தும் சில இடங்களில் மண்ணிற் பனிக்கட்டியே கிடையாது. உறைந்து இறுகுவதற்கு நீர் இல்லாததால் கையால் அள்ளினால் உதிரும்.

இந்த மண்ணில் உயிர் உண்டா என்பது 1970களில் பெரும் விவாதமாயிற்று. செவ்வாய்க் கிரகத்துக்கு வைக்கிங் விண்கலங்களை அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. உலர் பள்ளத்தாக்கு மண்ணின் சில மாதிரிகளில் உயிரே இல்லை என நோர்மன் ஹொரோவிற்ஸ் குழுவினர் 1972இல் எழுதினர். நுண்ணுயிரியலாளர் வூல்ஃப் விஷ்னியாக் அதை ஏற்கவில்லை. செவ்வாயில் உயிரைத் தேட அவர் வடிவமைத்த கருவி, செலவு காரணமாக வைக்கிங்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. மனிதர் மனமுடைந்து வீட்டிலிருக்கவில்லை; அந்தாட்டிக்காவுக்குப் போனார். நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடுகளை மண்ணிற் புதைத்துவைத்து, சில காலத்தின் பின் எடுத்து, அவற்றில் ஏதேனும் வளர்ந்துள்ளதா எனப் பார்ப்பது அவரது முறை. 1973 டிசெம்பர் 10இல், தகடுகளை எடுப்பதற்காகத் தனியே சென்றவர் அஸ்கார்ட் மலைத்தொடரில் பனிச்சரிவொன்றிலிருந்து விழுந்து இறந்தார். அவர் சேகரித்த பாறைத் துண்டுகளை அவரது மனைவி, இம்ரே ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளருக்கு அனுப்பி வைத்தார். அப்பாறைகளின் மேற்பரப்புக்குச் சில மில்லிமீற்றர் உள்ளே, ஒளி புகும் துளைகளில், உயிரிகள் வாழ்ந்திருந்தமையை 1976இல் ஃப்ரீட்மனும் ரொசெலி ஒகாம்போவும் உலகுக்கு அறிவித்தனர். பின்னர் டயானா வோல் முதலியோரின் ஆய்வுகள் அப்பள்ளத்தாக்கு மண்ணில் நுண்ணிய வட்டப்புழுக்கள் வாழ்வதைக் காட்டின. எனினும் ஹொரோவிற்ஸின் பக்கம் முற்றாகத் தோற்றதாகவும் சொல்ல முடியாது. மிக உயரத்திலுள்ள யூனிவேர்சிற்றி பள்ளத்தாக்கின் உலர் உறைமண்ணில் உயிரியக்கம் எதையும் கண்டறிய முடியவில்லை என 2016இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

வடக்கே திரும்புவோம். தென்துருவ மண்ணில் எவரும் ஊர் கட்டவில்லை; வடதுருவ மண்ணிற் கட்டினார்கள்.

மிக்கெயில் சும்கின் 1927இல் சோவியத் நாட்டின் உறைநிலம் பற்றிய தமது நூலை வெளியிட்ட பின், அத்துறை ரஷ்யாவில் தனி அறிவியலாகவே வளர்ந்தது. அமெரிக்கருக்கு அந்த ரஷ்ய நூல்கள் எட்டவில்லை. 1942இல் அலாஸ்கா நெடுஞ்சாலையை அவசர அவசரமாக அமைத்த அமெரிக்க இராணுவம், மேலே போர்த்திருந்த பாசிப் படையைப் புல்டோசரால் வழித்தெடுத்தது. அப்போர்வை போனதும் வெயில் நேரே அடிமண்ணைத் தாக்கிற்று. திண்ணிய நிலம் சேறாகி லொறிகளை விழுங்கியது. அதன்பிறகே, ரஷ்யாவில் பிறந்து ரஷ்ய மொழி வாசிக்கத் தெரிந்த சைமன் முல்லர் என்ற ஸ்ரான்ஃபோர்ட் பேராசிரியரைக் கொண்டு அந்நூல்களின் சாரத்தைத் திரட்டுவித்தனர். அவரது 1943ஆம் ஆண்டு அறிக்கையே ‘பேர்மஃப்ரொஸ்ற்’ என்ற சொல்லை ஆங்கிலத்துக்குத் தந்தது.

அறிவு இருந்த நாடும் எப்போதும் அதன்படி நடக்கவில்லை. ஸ்ராலின் கட்டளைப்படி கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட சலெகார்ட் - இகார்கா புகையிரதப் பாதை, உறைமண்ணின் மேல் எழும்பியும் தாழ்ந்தும் முறுகியது. 1953இல் ஸ்ராலின் இறந்ததும் வேலை கைவிடப்பட்டது. அதே முகாம் அமைப்பிலிருந்து வந்த ஒருவர்தான் விடையையும் தந்தார் என்பது வரலாற்றின் விநோதம். நொரில்ஸ்க் நகருக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்ட பொறியியலாளர் மிக்கெயில் கிம், உறைமண்ணில் துளையிட்டுக் கொங்கிறீற்றுத் தூண்களை இறக்கி, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே காற்று ஓட இடம்விட்டு மாடிவீடுகள் கட்டும் முறையை வளர்த்தெடுத்தார். வீட்டின் வெம்மை மண்ணைத் தொடாது. மாரிக்காற்று மண்ணைத் தொடர்ந்து குளிர்விக்கும். 1966இல் அவருக்கு லெனின் பரிசு கிடைத்தது.

அம்முறையின் நிபந்தனை ஒன்றே: மண் உறைந்திருக்க வேண்டும். துணிக்கைகளின் இடைவெளி கொள்ளக்கூடியதிலும் அதிகமான பனிக்கட்டி ஒரு மண்ணில் இருந்தால், அது உருகும் போது நீர் வெளியேறி நிலம் அமிழ்ந்துவிடும். மணலும் பருக்கையும் கொண்ட நிலம் உருகினாலும் ஓரளவு தாங்கும். பனிக்கட்டி செறிந்த அடையல் தாங்காது. 2020 மே 29இல் நொரில்ஸ்க் மின்னிலையமொன்றின் எரிபொருட் தாங்கி சரிந்து, 20,000 ரொன்னுக்கும் மேற்பட்ட டீசல் ஆறுகளிலும் மண்ணிலும் கலந்தது. உருகும் மண்ணே காரணம் என்று நிறுவனம் சொல்லிற்று. அரச பரிசோதகர்களோ வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளைச் சுட்டினர். மண் மாறுகிறது என்று தெரிந்த பின்னும் தூணைப் பரிசோதிக்காதவர் மண்ணின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு நியாயம் என்பதை வாசகரின் தீர்ப்புக்கே விடுகிறேன்.

கட்டடங்களை விடப் பெரிய கணக்கொன்றும் இந்த மண்ணுக்குள் இருக்கிறது. உக்காமற் கிடக்கும் தாவர எச்சங்களாக, வடபுல உறைநிலப் பிரதேச மண்ணில் ஏறத்தாழ 1,500 பில்லியன் ரொன் காபன் பொதிந்துள்ளது. வளிமண்டலத்தில் உள்ளதைப் போல இது ஏறக்குறைய இரு மடங்கு. அந்த மண் எதையும் எவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருக்கும் என்பதற்கு, கொலிமா நதிக்கரையில் 38 மீற்றர் ஆழத்தில், அணில் வளையொன்றிற் கிடைத்த பூண்டின் பழங்கள் சாட்சி. ஏறத்தாழ 32,000 ஆண்டுப் பழைமையான அவற்றின் இழையத்திலிருந்து ரஷ்ய ஆய்வாளர் செடியை வளர்த்துப் பூக்க வைத்ததை 2012இல் அறிவித்தனர். வேண்டாதவற்றையும் அது பத்திரப்படுத்தும். 2016 கோடையில் யமால் தீபகற்பத்தில் அந்திராக்ஸ் நோய் வெடித்து, 12 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்; 2,000க்கும் மேற்பட்ட துருவமான்கள் மடிந்தன. உருகிய மண்ணிலிருந்து வெளிப்பட்ட பழைய கிருமி வித்திகளே காரணமெனப் பெரிதும் கருதப்படுகிறது.

யாக்குட்ஸ்க் இன்றும் உறைமண்ணின் மேலேதான் நிற்கிறது. 1960இல் அங்கு உறைநில ஆய்வு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஷெர்கினின் கிணறும் பாதுகாக்கப்படுகிறது. சாகா குடியரசு 2018இல் உறைநிலத்தைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியது. ரஷ்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைநிலப் பிரதேசம் என்பதால், அங்கு எடுக்கப்படும் அளவீடுகள் இன்றி உலகக் காபன் கணக்கை எவரும் சரியாக எழுத முடியாது. ஆனால் 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீதான போர் விரிவடைந்ததும், மேற்கு நாடுகளின் ஆய்வு நிறுவனங்கள் ரஷ்ய நிலையங்களுடனான கூட்டுவேலையைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டன. 2023இல் ரஷ்யா, நாடெங்கும் துளைக்கிணறுகளில் வெப்பமானிகளை இறக்கி உறைமண்ணைக் கண்காணிக்கும் அரச வலையமைப்புக்குச் சட்டம் செய்தது. மிடென்டோர்ஃபின் அளவுகள் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து இலண்டனுக்கும் பேர்லினுக்கும் தடையின்றிப் போய்ச் சேர்ந்தன. இவ்வலையமைப்பின் அளவுகள் எங்கே போய்ச் சேரும் என்பதை மண் தீர்மானிக்கப் போவதில்லை.